கையால் எழுதிய ஆறு வரி

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காதும் கேட்காது. இதை முதலில் என் உம்மா சொன்னார், பிறகு மனைவி சொன்னாள், கடைசியில் கந்தோரில் எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் நம்பவில்லை. நியாயமான விஷயத்துக்குத்தானே ஏசுகிறேன், அதில் என்ன பிழை என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். நான் ஏசியது நியாயமான விஷயத்துக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதில்தான் வெட்கமும் இருக்கிறது.

எங்கள் கந்தோர் கல்முனைப் பிரதான வீதியில், சைக்கிள் பாகங்கள் விற்கிற கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான்கு கதிரை, நான்கு கணனி, மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் மனம் வைத்து வேலை செய்கிற ஒரு குளிரூட்டி. முதலாளி, நான், பெட்டி செய்கிற பொறியியலாளர் ஒருவர், கைபேசிச் செயலி எழுதுகிற பெண் ஒருவர், அவ்வளவுதான் ஆட்கள். ஆழ்கடலுக்குப் போய் நாட்கணக்கில் நிற்கிற படகுகளில் ஒரு சிறு பெட்டியைப் பூட்டுவோம். அது படகு நிற்கிற இடத்தைக் கரைக்கு அனுப்பும், கரையில் எங்கள் கணனி அதை வாங்கும், வீட்டில் இருக்கிற பெண்களின் கைபேசியில் அந்தப் படகு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். கணவன் கடலில் நிற்கிற ஒரு பெண்ணுக்கு அந்தப் புள்ளி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. சோற்றை ஆக்கிவிட்டு ஒருக்காப் பார்ப்பார்கள், தொழுதுவிட்டு ஒருக்காப் பார்ப்பார்கள்.

பெட்டி, கரைக் கணனி, கைபேசி, இந்த மூன்றும் ஒரே மொழி கதைக்க வேண்டும். அதற்காகப் படகு என்ன சொல்லும் என்பதை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தோம். படகின் இலக்கம், நேரம், இடம், மின்கலத்தில் மிச்சம் எவ்வளவு என்று பத்துப் பதினைந்து வரி. வரையறைக் கோப்பு என்போம். அதை ஒரு கருவியிடம் கொடுத்தால், அந்தச் செய்தியைக் கட்டி அனுப்பவும் வாங்கிப் பிரிக்கவும் வேண்டிய நிரலை அது தானே எழுதித் தந்துவிடும். பக்கம் பக்கமாக எழுதும், கை வலிக்காது, எழுத்துப் பிழை வராது. எழுதுகிற ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரு வரியைப் போட்டுவிடும்: இது தானாக உருவானது, கையால் திருத்தாதீர்.

அந்த வரியை எங்கள் கந்தோரில் சட்டமாக்கியவன் நான். காரணம் இருக்கிறது. கருவி எழுதிய கோப்பில் நீங்கள் கை வைத்தால், அடுத்த முறை கருவி ஓடும்போது நீங்கள் வைத்ததை அழித்துவிட்டுப் பழையபடி எழுதிவிடும். பிழை இருந்தால் வரையறையில் திருத்த வேண்டும். சோற்றில் கல் கடிபட்டால் அந்தக் கவளத்தை மட்டும் துப்பிவிட்டு இருக்கிறவனா நீ, மூட்டையிலுள்ள அரிசியைப் புடைக்க மாட்டாயா என்று பொறியியலாளரைப் பிடித்து ஒருநாள் கிழித்தேன். அவர் நெல் விளைகிற சம்மாந்துறைக்காரர். அரிசியைப் பற்றி எனக்குப் பாடமா என்ற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

செயலி எழுதுகிற பெண்தான் இந்தக் கதைக்கு உரியவர். எங்களுக்குள் மிகக் கெட்டிக்காரி அவர்தான், முதலாளி உட்பட எல்லோருக்கும் அது தெரியும். ஒருநாள் காலை அவருடைய கணவர் ரொட்டி வாங்கப் போன இடத்தில், கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே மௌத்தாகிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், அதனால் கூரை அவருடையது. கூரைக்குக் கீழே அடுப்பு எரிவதற்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது.

கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டார், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வர மாட்டார். வேலைக் கதையைப் போனில் கதைப்பதில் பிழையில்லை என்கிற மௌலவிமாரும் இருக்கிறார்கள். ஆனால் இத்தா முடியும்வரை இந்த வீட்டுக்குள் போனும் வேண்டாம், இணையமும் வேண்டாம் என்று அவருடைய உம்மா தீர்மானித்துவிட்டார். எனக்கு அது அந்த நேரம் பெரிய எரிச்சல். ஊர் உலகமெல்லாம் போனில் அழுதுகொண்டு வரும்போது அந்த அமைதி அவருக்கும் தேவைப்பட்டிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். "நாலு மாசமும் பத்து நாளும் ஆள் இல்லாம நான் என்னத்தச் செய்ற?" என்று கேட்டார். "வேற ஒராளப் போட்டுட்டு, அவ வந்தாப் பிறகு பாப்பமே."

"வந்தாப் பிறகு என்னத்தப் பாக்கிற? கதிரையில வேற ஆள் இரிக்கும்," என்று நான் ஏறிவிட்டேன். "அவவ மாதிரி ஒராள எங்க போய் எடுப்பீங்க? வீட்டில இரிந்து செய்யட்டும். போன் இல்லாட்டி என்ன, பென் டிரைவ்ல போய் வரட்டும்."

அன்றைக்கு என் கோபம் நல்ல பக்கத்தில் நின்றது. முதலாளி நீளமாக மூச்சு விட்டார். "சரி. ஆனா ஒண்டு. அவட பக்கத்தால ஒரு பிழ வந்து, படகுக்கார வீட்டாக்கள் என்னைத் தேடி வந்து நிண்டாங்களெண்டா, அண்டைக்கே வேற ஆள்தான். பிறகு எனக்கிட்டச் சண்டைக்கு வரப்படாது."

நான் ஓம் என்றேன்.

பென் டிரைவைக் கொண்டுபோய் வந்தவர் அந்தப் பெண்ணின் தங்கை. பள்ளிக்கூட டீச்சர். அக்காவோடு, அவர் வாயில் ராத்தாவோடு, ஒரே வீட்டில் இருந்தார், தன் போனை வாசலுக்கு வெளியில் மட்டும்தான் எடுப்பார். பள்ளி விட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் கந்தோர் மாடிக்கு ஏறுவார். டொபி மிட்டாய் வந்த ஒரு தகரப் பேணிக்குள் பென் டிரைவும், சில நேரம் நாலாக மடித்த ஒரு கடதாசியும் இருக்கும். ராத்தா செய்து முடித்ததை நான் கணனியில் ஏற்றிவிட்டு, அடுத்த வேலையைப் போட்டு, சொல்ல வேண்டியதை டீச்சரிடம் வாயால் சொல்லி அனுப்புவேன். நான் வாயால் சொல்கிற இலட்சணம் உங்களுக்குத் தெரியும்.

"இந்தப் பக்கத்த இப்புடிக் கோணலா வெச்சா ஆர் பாப்பாங்க? கண்ண மூடிட்டா எழுதின எண்டு கேளுங்க!"

டீச்சர் பேணியை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அண்ணன் முறை வைத்துக் கேட்பார்: "காக்கா ஏசினாரெண்டு சொல்றதா, சொன்னாரெண்டு சொல்றதா?"

பொறியியலாளர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய்விடுவார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். "சொன்னாரெண்டு சொல்லுங்க தங்கச்சி," என்பேன். என் சொல்லெல்லாம் இந்த மனிசியின் வாயில் பஞ்சாகிப் போய்ச் சேருகிறது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஏசினேன்.

இத்தாவின் மூன்றாவது மாதத்தில் நான் நிரல் லைப்ரரி ஒன்று கட்டுகிற வேலையில் இறங்கினேன். அதுவரை நாங்கள் மூன்று பேரும் கருவி எழுதிய நிரலை அவரவர் வேலைக்குள் பிரதி எடுத்து ஒட்டி வைத்திருந்தோம். வரையறையில் ஒரு வரி மாறினால் மூன்று இடத்திலும் மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தால் போதும், படகு ஒன்று சொல்லும், கைபேசி வேறொன்றை விளங்கிக்கொள்ளும். இதற்கு ஒரு முடிவு கட்டினேன். வரையறைக் கோப்புக்குத் தனியாக ஒரு வீடு. அங்கே பில்ட், அதாவது நிரலைக் கட்டுகிற வேலை, ஓடும்போது கருவி நிரலை எழுதும், எழுதியதை உடனே தொகுத்து, பதிப்பு இலக்கம் போட்டு, ஒரு லைப்ரரியாகக் கட்டி வைக்கும். மற்ற மூன்று வேலையும் அந்த லைப்ரரியை எடுத்துப் பாவிக்கும். கருவி எழுதிய கோப்பு இனி யார் கையிலும் கிடக்காது. கையில் இல்லாததை எப்படிக் கையால் திருத்துவார்கள்?

இதில் அந்தப் பெண்ணுக்கும் நன்மை இருந்தது. நிரல் எழுதும் கருவி ஓடுவதற்கு இணையம் வேண்டும், அவர் வீட்டில் அது இல்லை. கட்டி முடித்த லைப்ரரியைப் பேணிக்குள் போட்டு அனுப்பினால் அவர் அப்படியே பாவிக்கலாம். இதை நினைத்து நான் என்னையே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வேலைகளிலும் ஒட்டி வைத்திருந்த பழைய பிரதிகளை அழிப்பதுதான் மிச்சம். செயலியில் உள்ளதை அழிக்கப் போகிறேன் என்று முதல் நாள் டீச்சரிடம் சொல்லிவிட்டிருந்தேன். அடுத்த நாள் டீச்சர் வந்து பேணியை மேசையில் வைத்தார்.

"காக்கா, அழிக்க முந்தி அந்தக் கோப்ப ஒருக்காத் தொறந்து பாக்கட்டாம். அதுக்குள்ள கையால கொஞ்சம் எழுதியிருக்காவாம். என்னத்துக்கெண்டும் அதுக்குள்ளேயே எழுதி வெச்சிருக்காவாம்."

கையால என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். "கையாலயா? கருவி எழுதின கோப்பில கையாலயா? தலையில எழுதியிருக்கிறத வாசிக்கத் தெரியாதா அவக்கு? எத்தின தரம் படிச்சுப் படிச்சுச் சொன்ன நான்! அப்புடி எழுதின ஒண்டும் எனக்கு வேணாம். சொல்லுங்க, வேணாமெண்டு சொல்லுங்க!"

டீச்சர் அந்த முறை ஏசினாரா சொன்னாரா என்று கேட்கவில்லை. நான் அவர் கண் முன்னாலேயே அந்தக் கோப்புறையைத் தெரிவுசெய்து அழித்தேன். திறந்து பார்க்கவில்லை. லைப்ரரியைப் பூட்டி, பில்ட் ஓடவிட்டு, பிழையில்லை என்று எல்லாம் பச்சையாக வந்ததைப் பார்த்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். புதன்கிழமை பின்னேரம் புதிய செயலி எல்லா வீடுகளின் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை காலை நான் மாடிப்படி ஏறும்போதே மேலே பெண்களின் சத்தம் கேட்டது. ஐந்தாறு பேர் நின்றார்கள். முன்னுக்கு நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவசரத்தில் அபாயாவை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். படகு ஓட்டுகிறவரின் மனைவி அவர். கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, இது எந்த ஊர்க் கடல்?"

திரையில் நீலம் மட்டும் இருந்தது. நடுவில் எங்கள் சிவப்புப் புள்ளி. நான் விரலால் சுருக்கச் சுருக்க நீலம் விரிந்தது, கடைசியில் ஓரத்தில் ஒரு கரை தெரிந்தது. ஆபிரிக்கா. அதுவும் மேற்குப் பக்கத்துக் கரை.

"வாடைக் காத்துத் தொடங்கிட்டு தம்பி. ரெண்டு நாளா இடம் தெரியாதெண்டுதான் காட்டின. அது பழக்கம், தூரத்துக்குப் போனா அப்புடித்தான். இண்டைக்கு விடிய சுபஹுக்குப் பாத்தா இங்க கொண்டு வெச்சிரிக்கு. காத்து அடிச்சிட்டுப் போயிட்டா? ஆரும் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களா? சொல்லுங்க தம்பி, மெசின் பொய் சொல்லுமா?"

"அது பிழையாக் காட்டுது, பயப்பட வேணாம்," என்றேன். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? நேற்றுவரை அந்தப் புள்ளியை நம்பச் சொன்னதும் நான்தானே. பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். முதலாளி எல்லோரையும் கதிரைகளில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார், துறைமுகத்தில் தெரிந்தவர்களைப் பிடித்து வானொலியில் அந்தப் படகுகளைக் கூப்பிடச் சொன்னார். பெண்கள் துறைமுகத்தில் போய் நிற்கிறோம் என்று இறங்கிப் போனார்கள். அவர்கள் போன பிறகு முதலாளி என்னிடம் வந்தார்.

"ஆர்ர பிழ?"

எனக்கு அந்தக் கணத்தில் என்ன தோன்றியதோ அதைத்தான் சொல்கிறேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. என் லைப்ரரி சரி, பில்ட் சரி, எல்லாம் பச்சை. பிழை செயலியில்தான் தெரிகிறது, செயலி அவருடையது. கருவி எழுதிய கோப்பில் கையால் கிண்டியவரும் அவர்.

"அவட வேலதான்," என்றேன். "கையால என்னத்தையோ கிண்டி வெச்சிரிக்கா. நூறு தரம் சொன்ன நான்."

முதலாளி பெண்கள் குடித்துவிட்டு வைத்த தண்ணீர்க் கோப்பைகளைப் பொறுக்கினார். "நான் முதலே சொன்ன," என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். டீச்சரோடு கதைக்கிறார் என்று விளங்கியது. "உங்கட ராத்தாட வேலதானாம்… இனி வேணாம்… எனக்கும் கவலதான் டீச்சர்" என்று துண்டு துண்டாகக் கேட்டது. நியாயம் நியாயம்தானே என்று இருந்தேன்.

அவர் கிண்டியது இன்னதுதான் என்று முதலாளிக்குக் காட்டுவதற்காகத்தான், அன்று பிந்திப்போன ளுஹரைத் தொழுதுவிட்டு வந்து, டீச்சர் என் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்த பேணியைத் திறந்தேன். என் கணனியில் அழித்தது பென் டிரைவில் அப்படியே கிடந்தது. கருவி எழுதிய கோப்பைத் திறந்தேன். தலையில் அந்த வரி, கையால் திருத்தாதீர். கீழே இறங்கிக்கொண்டு போனேன். இடத்தை வாசிக்கிற பகுதியில் கருவியின் எழுத்து நின்று, ஒரு மனிதக் கை எழுதிய ஆறு வரி இருந்தது. அதற்கு மேலே, நிரல் கவனிக்காமல் தாண்டிப் போகிற குறிப்பாக, தமிழில் இப்படி எழுதியிருந்தார்:

"காக்கா, இது கையால் எழுதியது. பிழை என்று தெரியும். இங்கே கருவி ஓடாது, அதனால் வேறு வழியில்லை. படகு தூரத்துக்குப் போனால் பெட்டி இடத்தை அனுப்பாது. அனுப்பாததைக் கருவி எழுதிய நிரல் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. உலக வரைபடத்தில் பூச்சியம் பூச்சியம் என்ற இடம் ஆபிரிக்காப் பக்கத்துக் கடல். அதனால் ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் வரவில்லை என்று சொல்லும்படி இந்த ஆறு வரியை வைத்திருக்கிறேன். வரையறைக் கோப்பில் இடம் என்பது வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம் என்று குறித்துக் கருவியை மீண்டும் ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு இந்த ஆறு வரியும் தேவையில்லை, அழித்துவிடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அவர்கள் பொறுப்பார்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது."

அதற்குக் கீழே இன்னும் இரண்டு சின்ன வரி, வேறு வேறு நாளில் எழுதியவை. "காக்கா, மேலே உள்ளதைப் பார்த்தீர்களா?" என்று ஒன்று. "காக்கா, நேரம் கிடைத்தால்" என்று மற்றது.

யா அல்லாஹ்! திரும்பவும் மேலே போய் முதல் வரியிலிருந்து வாசித்தேன். நான் ஊருக்குப் பாடம் எடுத்த அதே சட்டத்தை அவர் என்னைவிடத் துப்புரவாக விளங்கி வைத்திருந்தார். எங்கே திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், திருத்த முடியாத வீட்டுக்குள் இருந்தபடியால் திருத்தக் கூடியவனுக்கு எழுதி வைத்திருந்தார், மூன்று முறை. ஒருமுறை ஆள் அனுப்பிச் சொல்லியும் விட்டிருந்தார்.

முதலில் பழைய செயலியைத் திரும்ப எல்லாக் கைபேசிக்கும் அனுப்பினேன். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு அந்தக் கோப்பைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"அப்ப ஆர்ர பிழ?" என்று காலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"என்ட," என்றேன். "முழுக்க என்ட. அவ சரியாத்தான் செஞ்சிரிந்தா. நான்தான் பாக்காம அழிச்ச."

"நான் அங்க சொல்லிட்டனே!" என்று தலையில் கை வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"நான் போய்ச் சொல்றன்," என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அவர் வீடு பள்ளிவாசல் ஒழுங்கையில். வாசல் கேற்றடியில் நின்று ஸலாம் சொன்னேன். டீச்சர் பள்ளிக்கூடச் சேலையோடேயே வெளியே வந்தார், கண் சிவந்திருந்தது. முற்றத்தைத் தாண்டி ஒரு ஜன்னல், பாதி திறந்து, திரை போட்டு இருந்தது.

"தங்கச்சி, முதலாளி சேர் சொன்னத ராத்தாக்குச் சொல்லிட்டீங்களா?"

"நீங்க சொல்ல வந்ததச் சொல்லுங்க காக்கா."

சொன்னேன். படகெல்லாம் ஆபிரிக்காவில் காட்டி வீட்டுப் பெண்கள் துறைமுகத்தில் நிற்கிறார்கள், பிழை என்னுடையது, ராத்தா எழுதி வைத்ததை நான் பார்க்கவில்லை, பார்க்கச் சொன்னபோதும் பார்க்கவில்லை, முதலாளியிடம் பழியை அவர் மேல் போட்டேன், அவருடைய வேலை போகாது, போனால் நானும் போவேன், மன்னிக்கச் சொல்லுங்கள். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு கேற்றடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் முழுவதையும் கேட்டார்.

"காக்கா மன்னிப்புக் கேட்டாரெண்டு சொல்றதா?"

"ஓம். அப்புடியே சொல்லுங்க."

அவர் உள்ளே போகத் திரும்புவதற்கு முன் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. மூன்று மாதமாக நான் கேட்காத குரல். என்னோடு கதைக்கவில்லை, தங்கையோடுதான் கதைத்தார்.

"படகெல்லாம் கரைக்கு வந்திட்டா எண்டு கேளு."

எனக்குத் தெரியாது. காலையில் இருந்து நான் அதைக் கேட்கவே இல்லை. பில்ட்டைப் பார்த்தேன், லைப்ரரியைப் பார்த்தேன், யாருடைய பிழை என்று பார்த்தேன், அந்தப் படகுகள் எங்கே என்று ஒரு மனிதனிடமும் கேட்கவில்லை. அங்கேயே நின்றபடி முதலாளிக்குப் போன் எடுத்தேன். துறைமுகத்திலிருந்து வானொலியில் கிடைத்துவிட்டார்களாம், எல்லாப் படகும் சுகம், காற்றுக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்களாம்.

"வருதாம்," என்று ஜன்னலைப் பாராமல் உரத்துச் சொன்னேன். "எல்லாம் சுகமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று உள்ளே கேட்டது. அதோடு சரி. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், நான் வந்துவிட்டேன்.

அன்றைக்கே முதலாளி திரும்பவும் டீச்சருக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் நானும் கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டு, வேலை அவருக்குத்தான் என்று சொல்லி முடித்ததும் டீச்சர் கேட்டார்: "அப்ப சேர், முதல் சொன்னதா, ரெண்டாவது சொன்னதா ராத்தாக்கு?"

"ரெண்டாவது, ரெண்டாவது!" என்றார் முதலாளி அவசரமாக. நல்ல வேளை, முதலாவதை இந்த மனிசி சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வரையறைக் கோப்பில் இடத்தை அவர் சொன்ன மாதிரியே குறித்தேன். கருவி மீண்டும் எழுதியது, லைப்ரரி அடுத்த பதிப்பாகக் கட்டப்பட்டது, அந்த ஆறு வரியும் தேவைப்படாமல் போயின. பதிப்போடு போகிற குறிப்பில் திருத்தியவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். பேணிக்குள் போட்டு அனுப்பினேன். அடுத்த நாள் பென் டிரைவ் வேலை முடிந்து திரும்பி வந்தது, கடதாசி ஒன்றும் இல்லை.

இத்தா முடிந்து ஒரு திங்கட்கிழமை அவர் கந்தோருக்கு வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். தன்னுடைய கதிரையில் இருந்து விசைப்பலகையின் தூசியைத் துடைத்தார். நான் என்ன கதைப்பது என்று தெரியாமல், பகிடியாகத் தொடங்கினேன்.

"டீச்சர் இல்லாட்டி நம்மட கத கந்தல்தான். நான் ஏசினதெல்லாத்தையும் பஞ்சு மாதிரி ஆக்கித்தானே கொண்டு வந்து சொல்லியிரிப்பா."

அவர் சிரித்தார். "ஆரு, தங்கச்சியா? அவ ஒரு சொல்லும் மாத்த மாட்டா காக்கா. சொல்லிவிட்ட சொல் அமானிதமாம், கையில தந்த மாதிரியே குடுக்கணுமாம். கண்ண மூடிட்டா எழுதின எண்டு கேட்டீங்களே, அந்தக் குரல்லேயே சொன்னா."

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார் போல. பார்வையைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப சேர் அண்டைக்குப் போன்ல முதல் சொன்னது?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அதும் சொன்னா. பள்ளி விட்டு வந்து ஸ்கூட்டிய நிப்பாட்டின உடனேயே. உங்கட வேலதானாம் ராத்தா, காக்காதான் சொன்னாராம், இனி வேணாமாம் எண்டு." விசைகளைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்க கேற்றடிக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி."

பொறியியலாளர் ஏதோ கேட்க அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் என் மேசையில் போய் இருந்தேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தபோது தனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டது அவருக்குத் தெரியும். அதை இல்லாமல் செய்தவன் நான்தான் என்றும் தெரியும். அதற்குப் பிறகுதான் படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டதா என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்.